எம் ப்ளஸ் எஸ் போட்ட டயரு சேத்துல போகுமா?

கேப்பர்மலை: நேத்து இங்க ஒரு பிரான்சு துரை எழுதியிருந்தாரு: "ஆல் சீசன் டயர் போட்டா பனிச்சேறு, மண்சேறு எல்லாம் ஒண்ணுதான். ஓரத்துல எம் ப்ளஸ் எஸ்னு போட்டிருக்கும், கண்ணை மூடிட்டுப் போலாம்." படிச்சதுலேர்ந்து தூக்கம் வரல. 2024 டிசம்பர்ல, ஃபெஞ்சல் புயலுக்கப்புறம் பெண்ணையாத்து வெள்ளம் வடிஞ்சதும் எங்க கடலூர் நாணமேட்டுப் பக்கம் போனேன். அதே எழுத்து போட்ட டயரு. இருபதடி போகல. டயர் மேல வெட்டியிருக்கிற பள்ளம், அந்தக் காடியெல்லாம் வண்டல் அப்பி, டயரு மொட்டை மாதிரி வழுவழுன்னு சுத்துது. டிராக்டர் வெச்சு இழுத்தோம், 800 ரூபா. எம் எங்க போச்சு துரை?

கிரனோபிள் குணா: எம்னா மட், மட்னா சேறு. எஸ்னா ஸ்னோ, பனி. எழுத்துலயே இருக்கு. பத்து வருஷமா ஆல்ப்ஸ் அடிவாரத்துல ஓட்டுறேன், கரைஞ்ச பனி கணுக்கால் அளவு நிக்கும். ஒருநாளும் சிக்கல.

கேப்பர்மலை: அங்க அடியில தார் ரோடு இருக்கு. பனியைப் பிதுக்கித் தள்ளிட்டு டயரு தாரைப் புடிச்சுக்கும். இங்க அடியில என்ன இருக்கு? இன்னும் சேறு! எம் எங்க போச்சு?

வில்லியனூர் வாத்தியார்: அந்த எழுத்தைக் கம்பெனிக்காரனே போட்டுக்கலாங்க. பனியில ஓட்டிப் பாத்துக் குடுக்கிறது மூணு சிகரமும் பனிப்பூவும் உள்ள முத்திரைதான். பிரான்சு மலைப்பக்கத்துலயே 2024 நவம்பர்லேர்ந்து குளிர்காலத்துக்கு வெறும் எம் ப்ளஸ் எஸ் செல்லாது. முதல்ல 'ஆல் சீசன்'னு ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க?

கேப்பர்மலை: செல்லாதாம்! வாத்தியாரே சொல்லிட்டாரு!

குணா: என் டயர்ல பனிப்பூவும் இருக்கு. உன் டயர்ல காடி எத்தனை மில்லி இருந்துச்சு, அதைச் சொல்லு. 1.6க்குக் கீழ போனா மழைத்தண்ணியிலயே வழுக்கும்.

கேப்பர்மலை: அந்தத் தீவாளிக்குதான் மாத்துனது. புத்தம்புதுசு.

குணா: தேய்ஞ்ச டயருக்குப் பாலிஷ் போட்டு என் மச்சான் தலையில வண்டியைக் கட்டுனவன்தானே நீ?

கேப்பர்மலை: அந்த மச்சான் பாக்கி 4000 இன்னும் வரல. அதையும் எழுது.

முதலியார்பேட்டை மெக்கானிக்: சேத்துக்குன்னா காடிக்கு நடுவுல நிக்கிற ரப்பர் கட்டை, அந்தப் பட்டன் பெருசா, இடைவெளி அகலமா இருக்கணும். சுத்தும்போது சேத்தைத் தானா உதறிடும். கார் டயர்ல காடி பொடிசு, பனிக்கு அது போதும். காடியில ஏறுன பனி தரையில கெடக்கிற பனியைக் கவ்வும். சேறு சேத்தைக் கவ்வாது, வழுக்கும். அண்ணன் காத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாத்திருக்கலாம்.

கேப்பர்மலை: இறக்கலைன்னு நீ பாத்தியா? கடலூர்க்காரனுக்குச் சேத்தைப் பத்திப் பாண்டிக்காரன் பாடம் எடுக்கிறானா?

மெக்கானிக்: பெட்ரோல் போட மட்டும் எங்க பாண்டி எல்லை முள்ளோடைக்கு ஓடியாறீங்களேண்ணே.

கேப்பர்மலை: ஓசியிலயா போடறோம்? காசு குடுக்கிறோம்.

குணா: பேச்சை மாத்தாத. 7 டிகிரிக்குக் கீழ போனா சாதா டயர் ரப்பர் விறைச்சுப் போகும். ஆல் சீசன் ரப்பர் அப்படி இல்ல. அதுக்குத்தான் சொன்னேன்.

கேப்பர்மலை: கடலூர்ல 7 டிகிரி ஃபிரிட்ஜுக்குள்ளதான் இருக்கு. டயரை அங்கயா மாட்டறது? எம் எங்க போச்சு, அதுக்குப் பதில்?

வாத்தியார்: நான் கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லல.

குணா: பொங்கலுக்கு ஊருக்கு வரேன். அதே நாணமேட்டுக்கு வண்டியோட வா, ஓட்டிக் காட்டுறேன்.

கேப்பர்மலை: பொங்கலுக்கு அது காஞ்சு கட்டாந்தரையாயிடும். தெரிஞ்சேதான் தேதி குடுக்கிறாரு துரை! ஐப்பசியில வா. வரும்போது அந்த 4000த்தையும் எடுத்துட்டு வா.