பதில்: ஏரிக்கரையில் ஆயிரம் கன்று – கரையை விட்டு உள்வாய்க்குப் போவோம்

சங்க உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணன் போன வாரம் போட்ட மடலை மூன்று தடவை படித்தேன். நம் ஊர் ஏரிக்கரை நெடுக ஆயிரம் கன்று நடலாம், ஒவ்வொன்றுக்கும் கம்பிக் கூண்டு, கூண்டில் பணம் கொடுத்தவர் பெயர் என்று எழுதியிருந்தார். என் பங்கை எழுதிக்கொள்ளுங்கள், அதில் மாற்றமில்லை. ஆனால் அண்ணே, இடம் தப்பு. ஏரித் தண்ணீர் பச்சை பூத்து நாறுகிறது என்பதுதானே நம் கவலை? அதற்குக் கரையில் நிற்கும் மரத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கரை என்பது ஏரியின் தாழ்ந்த பக்கம். மதகும் கலங்கலும் அங்கேதான், அதாவது தண்ணீர் வெளியே போகிற வழி. உள்ளே வருவது எதிர்ப்பக்கம், உள்வாய் வழியாக. திருடன் வாசலில் வருகிறான், நாம் கொல்லைப்புறத்தில் நாயைக் கட்டுகிறோம்.

போன தடவை ஊருக்கு வந்திருந்தபோது ஒரு மழை நாளில், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வாயில் போய் நின்றேன். முதல் அரைமணி நேரத் தண்ணீர்தான் மோசம். செம்மண் கரைத்த மாதிரி, மேலே நுரை, நடுவே காலியான பூச்சிமருந்துப் பாக்கெட், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. ஒரு பாட்டிலில் பிடித்து வந்து திண்ணையில் வைத்தேன். விடியும்போது மேலே ஓரளவு தெளிந்து, அடியில் அரை விரற்கடை மண் படிந்திருந்தது. தொட்டால் மாவு மாதிரி வழுவழுப்பு.

விஷயமெல்லாம் அந்த மண்ணில்தான். வயலுக்குப் போடும் டிஏபி உரத்தில் உள்ள பாஸ்பரஸ் சத்து பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து ஓடாது, களிமண் துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மண் ஏரிக்கு வந்தால் அதுவும் கூட வரும், பாசிக்கு விருந்து வைத்த மாதிரி. கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி குழுவோடு 1973-ல் ஒரு சோதனை செய்தார். 226 என்று எண் போட்ட ஏரியைக் குறுகலான இடத்தில் திரை கட்டி இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் கலந்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேலென்று ஆனது. விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் தம்பிகளுக்கு 2014 ஆகஸ்ட் நினைவிருக்கும். ஈரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி பொங்கி, டொலீடோ பக்கம் ஏறக்குறைய 5 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று அறிவித்தார்கள். அந்தப் பாசி விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும்.

நம்மவர்களுக்கு இது புதிதும் இல்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் கொழிக்கும் என்று தெரிந்துதான் ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்தார்கள். வேட்டையைத் தடுக்கச் சொல்லி 1798-லேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் நின்றவர்கள். வயலில் உரம் என்கிறோம், தேங்கிய தண்ணீரில் அதே சரக்குதான் பாசிக்குத் தீனி.

சரி, செடி என்ன செய்யும்? நான் இருக்கும் மின்னசோட்டாவில் 2015-ல் ஒரு சட்டம் வந்தது. பொது ஏரி, ஆறுகளை ஒட்டிய நிலத்தில் சராசரி 50 அடி அகலத்துக்கு நிலைத்து நிற்கும் செடிகொடி இருக்கவேண்டும். கரையோரம் நடும் வேலைக்கு ஒரு சனிக்கிழமை நானும் போயிருந்தேன். எங்களைக் கூட்டிப்போன பெரியவர் ஒரு வாளி சேற்றுத் தண்ணீரை முதலில் வெட்டிய புல்தரையில் ஊற்றினார், விறுவிறுவென்று ஏரிக்கு ஓடியது. இன்னொரு வாளியைப் புதரும் உயரப் புல்லும் மண்டிய இடத்தில் ஊற்றினார். நாலெட்டுக்குள் தண்ணீர் எங்கே போனது என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் தண்டுகளின் அடியில் சேறு மட்டும் வளையம் வளையமாக நிற்கிறது. ஓட்டம் தணிந்தால் மண் கீழே உட்காரும், அவ்வளவுதான் சூட்சுமம். உரத்திலிருந்து கரைந்து வரும் நைட்ரேட்டுக்கு (நைட்ரஜன் சத்துக்கு) வேறு வழி. அது நிலத்துக்குள் இறங்கி, வேர் ஓடிய ஈர மண்ணைக் கடக்கும்போது அங்குள்ள பாக்டீரியா அதை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும்.

ஆக வேலை செய்வது தரையை ஒட்டிய அடர்த்தி. பத்தடிக்கு ஒரு மரம் நட்டு, அடியில் வெறுந்தரையைப் பெருக்கி வைத்தால் நிழல் கிடைக்கும், படம் எடுக்கலாம். தண்ணீர் பாட்டுக்கு இடையில் ஓடிவிடும்.

என் யோசனை இது. உள்வாயில் தண்ணீர் ஏறி நிற்கும் எல்லையை ஒட்டிக் கோரை, நாணல், வெட்டிவேர். வெட்டிவேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் இறங்கும், மண்ணை விடாது. அதற்கு மேலே நொச்சி, ஆடாதோடை. கூண்டுச் செலவும் மிச்சம், ஆடு தொடாததால்தானே அதற்குப் பெயரே ஆடுதொடா! நொச்சியையும் ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். போத்து வெட்டி ஊன்றினாலே தழைக்கும். இவற்றுக்குப் பின்னால்தான் நீர்மருது, நாவல், புங்கம். சில மாதம் தண்ணீர் நின்றாலும் தாங்குகிற நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் சற்று இறங்கியே நிற்கலாம். சீமைக்கருவேலத்தை வெட்டிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி அதுவே வந்து உட்காரும், ஆகவே அங்கிருந்து தொடங்குவது நல்லது.

கரையில் பனை போதும். பனையின் சல்லிவேர் பருப்பதில்லை. பெருமரம் பட்டுப்போனால் அதன் வேர் மக்கிக் கரைக்குள் குழாய் மாதிரி வழி விடும், அதில் ஏரித் தண்ணீர் கசிய ஆரம்பித்தால் ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது ஏரிப் பாசன நிலக்காரர்கள், நம்மைச் சும்மா விடமாட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரத்துக்காலில் மொத்தமாகப் பாய்ந்து வரும் தண்ணீரைப் புதர் வரிசை ஒன்றும் செய்யாது, அது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அதற்கு வாய்க்கால் வாயில் ஒரு வண்டல் குழி வெட்டி, தண்ணீர் அதில் தங்கி, அகலமாகப் பரந்து கோரைக்குள் இறங்கும்படி செய்யவேண்டும். குழியை வருடா வருடம் தூர்வாரவும் வேண்டும். தெருச் சாக்கடையை நேராக விட்டால் எந்தச் செடியும் காப்பாற்றாது. எல்லாம் சரியாகச் செய்தாலும் ஏரி அடியில் ஏற்கெனவே படிந்த வண்டல் சில வருடம் பாஸ்பரஸைக் கக்கிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டுவிழாவுக்குள் தண்ணீர் கண்ணாடியாகிவிடும் என்று யாரும் மேடையில் பேசவேண்டாம்.

அனுமதி விஷயம்: ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். நம் ஏரி எதில் வருகிறது என்று ஊரில் இருப்பவர்கள் முதலில் விசாரித்துவிடுங்கள்.

போன முறை நட்டதை ஞாபகப்படுத்தினால் கோபப்படாதீர்கள் அண்ணே. கூண்டுகள் இன்னும் நிற்கின்றன, என் அப்பா பெயர் போட்டதும் நிற்கிறது. உள்ளே கன்றுதான் இல்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்க நாம் யோசிக்கவே இல்லை. இந்த முறை கன்று எண்ணிக்கையைப் பாதியாக்கி, மிச்சத்தில் இரண்டு கோடைக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்போம்.

நடுவதற்கு ஐப்பசி மழை சரியான சமயம். அதற்கு முன் ஒரு உதவி வேண்டும். ஊரில் இருக்கும் பெரியப்பா, போன வருடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்பது உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும். உள்வாய் ஓரமாக நடந்து அங்கங்கே ஒரு கல்லை வைத்துச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். தம்பியை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கோடு தெரிந்தால்தான் எந்தச் செடி எங்கே என்று நான் வரைந்து அனுப்ப முடியும்.