ஹைபிரிட் ஜீப்பில் லொக் பொத்தான் எதைப் பூட்டுகிறது?

கொழுந்துலொறி:
பச்சைமலை அண்ணன் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட்டில் லொக் பொத்தானை அழுத்தினால் முன் அச்சும் பின் அச்சும் இரும்பாகப் பூட்டிக்கொள்ளும், தோட்டத்துப் பழைய ஜீப்புக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை" என்பது அவர் வாக்கு. இதை நம்பி யாராவது மழைநாளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் இறங்கினால் என்ன ஆவது? நான் அட்டனில் பதினெட்டு வருடம் கராஜில் வேலை செய்தவன். அந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தவன். 2013இல் வெளிவந்த அந்த முதல் தலைமுறை வண்டியில் முன் சக்கரங்களுக்கு ஒரு மோட்டாரும் பின் சக்கரங்களுக்கு ஒரு மோட்டாரும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டும் 60 கிலோவாட். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே விசையைக் கொண்டுபோகும் தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிடையாது. அந்தத் தண்டு ஓடவேண்டிய இடத்தில் பற்றரிப் பெட்டிதான் இருக்கிறது. தண்டே இல்லாத வண்டியில் எதை எதனோடு பூட்டுவது என்று அண்ணன் சொல்லட்டும்.

பச்சைமலை:
அடியில் படுத்தவருக்கு அடி மட்டும்தான் தெரியும். நான் ஆறு வருடமாக அதை ஓட்டுகிறேன், அதுவும் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாதையில். பொத்தானை அழுத்தினால் டாஷ்போர்டில் லொக் என்று விளக்கு எரிகிறது. பூட்டாத ஒன்றுக்கு லொக் என்று ஒரு கம்பனி பெயர் வைக்குமா? போன தென்மேற்குப் பருவமழையில், கொழுந்து மடுவத்துக்கு ஏறும் செம்மண் மேட்டில் லொக் போடாமல் ஏறப் பார்த்தேன், வண்டி பக்கவாட்டில் வழுக்கிக் கான் ஓரம் வரை போய்விட்டது. பின்னால் வந்து லொக் போட்டு ஏறினேன், ஒரே மூச்சில் ஏறியது. கண்ணால் கண்டதை விட்டுவிட்டு உங்கள் தண்டுக் கதையை நான் ஏன் நம்ப வேண்டும்?

நானுஓயாக்காரன்:
இருவரும் கோபப்படாமல் ஒன்றைச் சொல்லுங்கள். லொக் என்ற சொல்லுக்கு நீங்கள் இருவரும் ஒரே பொருளைத்தான் கொள்கிறீர்களா? என்னிடம் இருப்பது 2015இல் வந்த நிசான் எக்ஸ்-டிரெயில் ஹைபிரிட். அதில் டூ வீல், ஆட்டோ, லொக் என்று மூன்று நிலைகள் உள்ள ஒரு சுவிட்ச் இருக்கிறது. நடுவில் தண்டும் இருக்கிறது. அதன் லொக்கும் அவுட்லாண்டரின் லொக்கும் ஒன்றாக இருக்க வழியில்லை. முதலில் சொல்லின் பொருளைத் தீர்த்துக்கொண்டு பிறகு வாதாடினால் எல்லோருக்கும் பிரயோசனமாக இருக்கும்.

கொழுந்துலொறி:
பொருளைப் பிறகு பார்க்கலாம், தண்டைப் பற்றிப் பேசுவோம். தம்பியின் எக்ஸ்-டிரெயிலில் தண்டு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அங்கேயும் பச்சைமலை அண்ணன் சொல்லும் இரும்புப் பூட்டு இல்லை. அந்த வண்டியின் ஹைபிரிட் மோட்டார் 30 கிலோவாட். அது இயந்திரத்துக்கும் கியருக்கும் இடையில் இருந்து இயந்திரத்துக்குத் துணை செய்கிறது, பின் சக்கரத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. பின் டிஃபரன்ஷலுக்கு, அதாவது இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிக்கு, முன்னால் தண்டை அதனோடு இணைக்கும் ஒரு கப்ளிங் இருக்கிறது. அதற்குள் மின்காந்தச் சுருள் ஒன்று சிறிய கிளட்சை இழுக்க, அந்த இழுப்பில் குண்டுகள் சரிவான பள்ளத்தில் ஏறி, பெரிய கிளட்ச் தட்டுகளை நெருக்குகின்றன. ஆட்டோவில் தேவைக்கேற்ப நெருக்கும். லொக்கில் விடாமல் நெருக்கிக்கொண்டே இருக்கும், அதனால் இழுவிசை முன்னுக்கும் பின்னுக்கும் ஏறத்தாழச் சரிபாதியாகப் போகும். ஆனாலும் அது வழுக்கக்கூடிய கிளட்ச்தான். அளவுக்கு மீறிச் சூடேறினால் கட்டுப்பாட்டுப் பெட்டி எச்சரித்துவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும். வேகம் கூடினால் லொக் தானாகவே ஆட்டோவுக்குத் திரும்பும். உண்மையான பூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் தோட்டத் துரைமார் வைத்திருந்த பழைய சீரிஸ் லேண்ட் ரோவரைப் போய்ப் பாருங்கள். மஞ்சள் குமிழைக் கீழே அழுத்தினால் பல்லோடு பல் சேர்ந்து முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகும். அதைத்தான் பூட்டு என்பார்கள். அவுட்லாண்டரில் பல்லும் இல்லை, தட்டும் இல்லை, தண்டும் இல்லை.

பச்சைமலை:
இவ்வளவு நீளமாக எழுதியும் என் கேள்விக்குப் பதில் இல்லை. விளக்கு எரிகிறதா, இல்லையா?

மூடுபனி:
நான் அப்புத்தளையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் டொயோட்டா ஹரியர் ஹைபிரிட் இருக்கிறது. அதில் பின் சக்கரங்களுக்கென்று 50 கிலோவாட் மோட்டார் தனியாக உண்டு, தண்டு கிடையாது, லொக் பொத்தானும் கிடையாது. அந்தப் பொத்தான் இல்லாமலேயே தம்பேதன்னைப் பக்கம் நனைந்த பாதையில் ஏறி இறங்குகிறோம். வண்டியைத் தூக்கி நிறுத்துவது பொத்தான் அல்ல, டயர்தான். பச்சைமலை ஐயா வழுக்கிய அன்று அவர் வண்டியில் என்ன டயர் இருந்தது என்று யாராவது கேட்டீர்களா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 3514 என்றால் 2014ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. ஜப்பானிலிருந்து வந்த பழைய டயரோடு ஏறிவிட்டு லொக்கைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பச்சைமலை:
என் டயரைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? நான்கும் புதியவை, சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னர் கம்பளையில் மாற்றினேன். வழுக்கியதும் அதே டயரில்தான், ஏறியதும் அதே டயரில்தான். நடுவில் மாறியது லொக் ஒன்றுதான். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

கொழுந்துலொறி:
ஏறியது பொய் என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. எதனால் ஏறியது என்பதில்தான் சண்டை. லொக் போட்டதும் கணினி, சக்கரம் வழுக்கும் வரை காத்திராமல் இரண்டு மோட்டாருக்கும் முன்கூட்டியே இழுவிசையைப் பங்கிடுகிறது. வெறுமனே சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து மறுபக்கச் சக்கரத்துக்கு விசை போக வழி செய்கிறது. மின்சாரத்தால் நடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு லொக் என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

இதை நான் என் கையால் பார்த்திருக்கிறேன். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பாதையைக் குறுக்கே வெட்டிப் போகும் கானில் ஒரு வாடிக்கையாளரின் அவுட்லாண்டர் சிக்கிவிட்டது. முன் இடது சக்கரம் கானுக்குள், பின் வலது சக்கரம் நிலத்திலிருந்து நான்கு விரல் மேலே. லொக் போட்டுத்தான் இருந்தது. அக்சிலரேட்டர் மிதியை மெல்ல அழுத்தச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். தூக்கிய சக்கரம் விர்ரென்று சுழன்றது; கானுக்குள் இருந்த சக்கரம் சேற்றை வாரி என் சட்டையில் அடித்தது; தரையில் பதிந்திருந்த மற்ற இரண்டும் அசையவில்லை. சாரதி பயந்து காலை எடுத்துவிட்டார். "எடுக்காதீர்கள், அப்படியே அழுத்திப் பிடியுங்கள்" என்றேன். இரண்டு மூன்று விநாடியில் பிரேக் டக் டக்கென்று பிடிக்கும் சத்தம் கேட்டது, தூக்கிய சக்கரம் தயங்கி நின்றது, வண்டி கானை விட்டு வெளியே வந்தது. முன்னையும் பின்னையும் பூட்டுவது மட்டுமே வேலை என்றால், மூலைக்கு மூலை சக்கரம் தொங்கும்போது வண்டி அங்கேயே கிடந்திருக்கும். ஏனென்றால் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷலை அந்தப் பொத்தான் பூட்டுவதில்லை. அன்று காப்பாற்றியது பிரேக். அதை அறியாதவர் பயந்து காலை எடுத்துவிடுவார், மாட்டிக்கொள்வார். இதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் மல்லுக்கட்டுகிறேன், வீம்புக்காக அல்ல.

நானுஓயாக்காரன்:
தூக்கிய சக்கரக் கதை பெறுமதியானது, அண்ணன். ஆனால் கொண்டை ஊசி வளைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறம்பொடையில் காய்ந்த தார் ரோட்டில் மறந்துபோய் லொக் போட்டபடி திரும்பினேன். ஸ்டியரிங் கனத்தது, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி திமிறியது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன அல்லவா? நடுவில் பிடி இறுகியிருந்தால் அந்த வித்தியாசம் போக இடமில்லை. என் வண்டியில் பிடி இருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

மூடுபனி:
இறக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. றதல்லைக் குறுக்குப் பாதையில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நானுஓயாக்காரருக்குத் தெரியாததா? லொக் போட்டால் இறக்கத்தில் வண்டி தானே நிற்கும் என்று ஒரு நண்பர் என்னிடம் அடித்துச் சொன்னார். லொக் பிரேக் அல்ல என்பதையாவது இங்கே ஒத்துக்கொள்ளுங்கள்.

பச்சைமலை:
அவுட்லாண்டரில் இறக்கத்துக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்புபோல் ஒரு நெம்பி இருக்கிறது. அதனால் மோட்டாரின் பிடிப்பைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வரை பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்குவேன், பற்றரியும் ஏறும். அதை எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டாம். இங்கே பேச்சு லொக்கைப் பற்றியது. போன வருடமும் இதே கொழுந்துலொறித் தம்பி, இரட்டைக் கிளட்ச் கியர் உள்ள வண்டியை ஏற்றத்தில் பிரேக் போடாமல் அக்சிலரேட்டர் மிதியால் தாங்கி நிறுத்தக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தார். அன்று சபையில் என்னைச் சின்னப்பிள்ளையாக்கியதை நான் மறக்கவில்லை.

கொழுந்துலொறி:
அன்று சொன்னதும் சரிதான். ஏற்றத்தில் மிதியால் தாங்கினால் கிளட்ச் சூடேறும். நீங்கள் கேட்கவில்லை, பிறகு வண்டியை யாரிடம் கொண்டுவந்தீர்கள் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதை விடுங்கள். நானுஓயாத் தம்பி தன் வாயாலேயே பரீட்சையைச் சொல்லிவிட்டார். காய்ந்த மைதானத்தில் லொக்கைப் போட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, மெதுவாக ஒரு வட்டம் வாருங்கள். அச்சுகள் பூட்டியிருந்தால் வண்டி திமிறும். திமிறாவிட்டால் பூட்டு இல்லை. மூடுபனி சொன்ன இறக்க விடயத்தையும் மறுக்கவில்லை. லொக் நிற்கும் தூரத்தைக் குறைக்காது. ஆனால் அது வேறு பேச்சு. தண்டு எங்கே என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

நானுஓயாக்காரன்:
சொல்லின் பொருளை முதலில் தீர்ப்போம் என்று மறுபடியும் கேட்கிறேன். விசையைச் சமமாகப் பங்கிடுவதும் லொக், வேகத்தைச் சமமாகக் கட்டுவதும் லொக் என்றால் இந்தப் பேச்சு விடிய விடியப் போகும்.

மூடுபனி:
2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிக்குக் கொடுத்த விலையை நினைத்தால், அதில் லொக் இருப்பதாக நம்பத்தான் எல்லோருக்கும் மனம் வரும்.

பச்சைமலை:
என் வண்டியின் விலையைப் பற்றி அப்புத்தளைக்காரர் கவலைப்பட வேண்டாம். கொழுந்துலொறித் தம்பிக்கு ஒரு செய்தி: இன்று பின்னேரம் பாடசாலை மைதானத்துக்குப் போனேன். லொக்கைப் போட்டேன், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தேன், மூன்று வட்டம் வந்தேன். வெண்ணெய்போல் வழுவழுவென்று வந்தது. எக்ஸ்-டிரெயிலில் திமிறுவது என் வண்டியில் திமிறவில்லை. அவ்வளவு அருமையாகச் செய்த பூட்டு அது.

கொழுந்துலொறி:
அண்ணன், திமிறவில்லை என்றால் அங்கே பூட்டு இல்லை என்று அர்த்தம். நான் சொன்னதை நீங்களே ஓட்டிக் காட்டிவிட்டு, அதையே எனக்கு எதிரான சாட்சியாக எழுதுகிறீர்கள். இன்னொரு தரம் கேட்கிறேன்: தண்டு எங்கே?

பச்சைமலை:
இன்னொரு தரம் சொல்கிறேன்: விளக்கு எரிகிறது. நாளைக் காலை மடுவத்துக்கு உரமூட்டை ஏற்ற வேண்டும். மேலே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. லொக்கைப் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன்.

கொழுந்துலொறி:
ஏறுங்கள். சக்கரம் சுழன்றால் மட்டும் காலை எடுக்காதீர்கள்.