டொல்பின் வேன் நுவரெலியாவில ஸ்டார்ட் ஆகல்ல, மட்டக்களப்புக் கல்லடியில ஒரு பிரச்சினையும் இல்ல. என்ன பிழை?

கல்லடிப்பாலம்:
வேன் டொயோட்டா டொல்பின், 3எல் மொடல் டீசல் எஞ்சின், மெனுவல் கியர். போன கிழமை குடும்பத்தோட செங்கலடியால பதுளை றோட்டப் பிடிச்சி நுவரெலியா போனம். பிபிலை, லுணுகலை ஏத்தமெல்லாம் நல்லா ஏறினது. ராவு 9 மணிக்கு நிப்பாட்டினன். விடிய 6 மணிக்கு சாவியத் திருப்பினா ஸ்டார்ட்டர் சுத்துது, எஞ்சின் பிடிக்குதில்ல. ஒரு பத்துத் தரமாவது அடிச்சிருப்பன். மாமி வேனுக்குள்ள இருந்தே பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கிறா. வெயில் ஏறி 9 மணி போலதான் பிடிச்சது. அடுத்த நாளும் அதே கூத்து. ஊருக்கு வந்தா இந்த மாரி மழைக்குள்ளயும் ஸ்டார்ட் ஆகுது! இஞ்ச ஒரு கராஜில பற்றரிய மாத்தச் சொல்றாங்க. வாங்கி 8 மாசம்தான். தைப்பொங்கல் முடிய வெலிமடையில ஒரு கலியாணம், திரும்ப மலை ஏறணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

மாரிக்குருவி:
பற்றரிதான் தம்பி. குளிருக்குப் பற்றரியிட பலம் குறையும். கல்லடி கடக்கரை வீடெண்டா டெர்மினல்ல பச்சை பூத்திருக்கும், அதையும் ஒருக்காப் பாருங்க.

கல்லடிப்பாலம்:
பச்சை பூத்துத்தான் கிடந்தது அண்ணே. சுடுதண்ணி ஊத்தி உரசி, வேன் பொடியில இறுக்கிற எர்த் வயரையும் கழட்டித் துடைச்சிட்டன். மீட்டர் வைச்சுப் பார்த்தா நிண்ட நிலையில 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் அடிக்கக்குள்ள 10.3.

கல்முனை கராஜ்:
அந்தப் பற்றரிக்கு ஒண்டுமில்ல. அடிக்கக்குள்ள 9.6க்குக் கீழ விழுந்தாத்தான் யோசிக்கணும். மாத்தச் சொன்னவர் மீட்டர் வைச்சுப் பார்த்தாரா எண்டு கேளுங்க.

எனக்கு ரெண்டு விசயம் சொல்லுங்க தம்பி. நுவரெலியாவில ஸ்டார்ட்டர் நல்ல வேகமாச் சுத்திச்சா, சோம்பிச் சோம்பிச் சுத்திச்சா? அடிக்கக்குள்ள பின்னுக்குச் சைலன்சரால புகை வந்ததா? வந்தா என்ன நிறம்?

கல்லடிப்பாலம்:
நல்ல வேகமாத்தான் சுத்திச்சு காக்கா. புகை வெள்ளை, மூட்டம் போட்ட மாதிரி. பின்னுக்கு நிண்ட மச்சானுக்குக் கண் எரிஞ்சி தண்ணி வந்துட்டு.

ஏத்தக்காரன்:
மண்ணெண்ணெய் ரெண்டு லீட்டர் கலந்து ஓடுங்க. லொறிக்காரர் எல்லாம் அப்பிடித்தான்.

கல்முனை கராஜ்:
மண்ணெண்ணெய் வேணாம். டீசல் மெழுகாக் கட்டுற அளவு குளிர் நுவரெலியாவில இல்ல. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு குறைவு, டீசல் பம்ப்தான் தேயும்.

அந்த வெள்ளைப் புகைதான் விசயம். டீசல் உள்ள போகுது, எரியாம ஆவியா வெளிய வருது. புகையே இல்லாமச் சுத்தியிருந்தா டீசல் வரல்ல, லைன்ல எயார் பிடிச்சிருக்கு எண்டு நான் வேற பக்கம் தேடியிருப்பன்.

டீசல் எஞ்சினுக்குப் பொறி அடிக்கிற பிளக் இல்ல. காத்தை நசுக்கி வாற சூட்டுலதான் டீசல் பத்தும். எஞ்சின் இரும்பு குளிர்ந்து கிடந்தா அந்தச் சூட்டை உறிஞ்சிப் போடும். அதுக்குத்தான் ஸ்டார்ட் பண்ண முதல் உள்ள சூடாக்கிற ஹீட்டர் பிளக், சிலிண்டருக்கு ஒண்டாய் நாலு. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், காத்தும் மெலிவு. நம்மட ஊரில மார்கழி விடியலும் 23 பாகைக்குக் கிட்ட இருக்கும். அந்தச் சூட்டுக்கு நாலில ஒரு பிளக் உயிரோட இருந்தாலும் எஞ்சின் பிடிச்சிரும். உங்கட பிளக் இப்ப செத்ததா இருக்காது, செத்து வருசம் ரெண்டு மூணு ஆகியிருக்கும். ஊர்ச் சூடு மறைச்சி வைச்சிருக்கு.

கல்லடிப்பாலம்:
டாஷ்போர்ட்ல ஹீட்டர் பிளக்குக்கு இருக்கிற சுருள் லைட் பத்தி அணையுதே காக்கா? அப்ப பிளக் வேலை செய்யுது எண்டுதானே?

கல்முனை கராஜ்:
அதுலதான் கனபேர் ஏமாறுற. அது நேரத்தைக் கணக்குப் பண்ணி அணையிற லைட். பிளக் நாலும் எரிஞ்சி போயிருந்தாலும் அணையும்.

வீட்டிலயே பாக்கலாம். நாலு பிளக்கட தலையையும் சேர்க்கிற தகட்டை முதல்ல கழட்டுங்க. கழட்டாமப் பார்த்தா நல்ல ஒண்டு மத்த மூணையும் மறைக்கும். ஒரு 12 வோல்ட் பல்பு எடுத்து ஒரு வயரை பற்றரி பிளஸ்ல, மத்த வயரை ஒவ்வொரு பிளக் தலையிலயும் வையுங்க. பத்தினா நல்லம், பத்தாட்டிச் செத்தது. பல்பு இல்லாம நேரா பற்றரியைக் குடுக்க வேணாம். சில டொயோட்டாக்குக் குறைஞ்ச வோல்ட் பிளக் வரும், 12 குடுத்தா உடனே எரிஞ்சிரும். புதுசு வாங்கக்குள்ளயும் பழைய பிளக்கில என்ன எழுதிக் கிடக்கு எண்டு பார்த்து அதையே வாங்குங்க.

இன்னொண்டு. ஸ்டார்ட் ஸ்பிரே எண்டு ஆராவது தந்தா ஹீட்டர் பிளக் இருக்கிற எஞ்சினுக்கு அடிச்சிராதீங்க. உள்ள வெடிச்சி பிஸ்டன் போன எஞ்சினை நான் கழட்டியிருக்கன்.

கல்லடிப்பாலம்:
பார்த்தன் காக்கா. ரெண்டாவது மட்டும்தான் பல்பு பத்திச்சு, மூணு செத்துட்டு! எஞ்சினைச் சூடாக்கிப் போட்டு மெல்ல மெல்லக் கழட்டினன். நாலாவதுட நுனி ஊதிப் போய் வெடிச்சிக் கிடக்கு, நல்லகாலம் உள்ள உடைஞ்சி விழல்ல. நாலையும் புதுசாப் போட்டாச்சு. சொல்ல வெக்கமாக் கிடக்கு, முந்தி கல்லடியிலயும் விடிய நாலு செக்கன் சுத்தித்தான் பிடிக்கும், நான் அதை டொல்பின்ட குணம் எண்டு நினைச்சிருந்தன். இப்ப சாவியைத் தொட்ட உடன பிடிக்குது.

மாரிக்குருவி:
என்ட பற்றரிக் கதையை வாபஸ் வாங்கிட்டன். 😄

கல்முனை கராஜ்:
நல்லம். ஒயில் என்ன ஓடுது? 20டபிள்யூ50 எண்டா மலைக் குளிருக்குத் தடிப்பு, மாத்தக்குள்ள 15டபிள்யூ40 ஊத்துங்க. மலையில மூக்கு மேல பார்க்கிற மாதிரி நிப்பாட்டினா, லைன்ல கசிவு இருந்தா டீசல் டாங்கிக்கே திரும்பி வடிஞ்சி எயார் பிடிக்கும். அப்பிடியெண்டா டீசல் ஃபில்டருக்கு மேல இருக்கிற கைப்பம்பை இறுகிற வரை அமத்திப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பள்ளத்துல உருட்டி ஸ்டார்ட் எடுக்க நினைச்சா கவனம், எஞ்சின் ஓடாட்டி பிரேக்கும் இறுகும், ஸ்டீரிங்கும் இறுகும்.

கல்லடிப்பாலம்:
வெலிமடையில இருந்து போடுறன். விடிய 5.40, கண்ணாடி முழுக்கப் பனி. சுருள் லைட் ரெண்டு தரம் அணையும் வரை ஹீட் போட்டுப் போட்டு அடிச்சன், முதல் அடியிலயே பிடிச்சிட்டு. கொஞ்சம் வெள்ளையாப் புகைச்சு ஒரு நிமிசத்தில தெளிஞ்சிட்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்ட கார்தான் இப்ப கிர்ர்ர் எண்டு கிடக்கு, பெற்றோல் கார். அதுக்கும் இந்தக் கதைதானா காக்கா?

கல்முனை கராஜ்:
இல்ல, அதுக்கு ஸ்பார்க் பிளக். முதல்ல அவர்ட பற்றரியப் பாருங்க.