வகுப்புக் கலந்துரையாடலுக்கு எல்லோருக்கும் ஒரே புள்ளி போடலாமா?

முத்தையன்கட்டு ரீச்சர்:
தரம் 10இற்குப் புவியியல் படிப்பிக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொடுக்கலாமா என்று கலந்துரையாட விட்டேன். கதைத்தது வழமையான ஐந்து பேர்தான். எல்லோருக்கும் ஒரே புள்ளி போட்டால் ஒருவரையொருவர் சேர்த்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் முதலாம் ஆளாக வரும் பிள்ளையின் அப்பா, "மற்றவர் வாய் திறக்காததுக்கு என் மகளின் புள்ளி ஏன் குறைய வேண்டும்?" என்று கேட்கிறார். செய்துபார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கிளிநொச்சி சேர்:
ரீச்சர், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தப் புள்ளியைத் தவணைப் புள்ளியோடு சேர்க்காதீர்கள். கரும்பலகையில் பெரிதாக எழுதிவிடுங்கள், அது போதும். அடுத்த முறை அதைக் கூட்டவேண்டும் என்று பிள்ளைகளே நிற்பார்கள்.

34 பேரை ஒரே வட்டத்தில் இருத்த வேண்டாம். 1930இல் எட்வேர்ட் ஹார்க்னெஸ் கொடுத்த நன்கொடையால் அமெரிக்காவின் பிலிப்ஸ் எக்செற்றர் பாடசாலையில் நீள்வட்ட மேசையைச் சுற்றிப் படிக்கும் வழக்கம் வந்தது. அங்கேயே மேசைக்குப் பன்னிரண்டு பேரளவில்தான். நான் பாதிப் பேரை உள்வட்டத்திலும் மீதியை வெளிவட்டத்திலும் இருத்துவேன். வெளியே இருப்பவர் உள்ளே ஒருவரைக் கவனித்துக் குறிப்பு எடுப்பார். பிறகு இடம் மாறுவார்கள்.

தொடங்கியபின் நான் பேசமாட்டேன். ஒரு தாளில் பெயர்களை வட்டமாக எழுதி, பேச்சு யாரிடமிருந்து யாருக்குப் போகிறதோ அப்படிக் கோடு கீறுவேன். முடிந்ததும் தாளைக் காட்டுவேன். இரண்டு பேருக்கு நடுவில் கோடுகள் குவிந்திருப்பதையும், ஒரு பெயருக்குக் கோடே வராததையும் அவர்களே காண்பார்கள். எத்தனை புள்ளி என்று முதலில் அவர்கள்தான் காரணத்தோடு சொல்லவேண்டும். கலந்துரையாடலைவிட அந்தப் பத்து நிமிடத்தில்தான் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம். நேரம் போய்விட்டதென்று அதை வெட்டாதீர்கள்.

நன்றாகக் கதைக்கிற பிள்ளைக்குத்தான் இது கடினம். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். தன் மகளுக்கு இதில் என்ன லாபம் என்று அந்த அப்பா கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வீட்டில் என்ன நிலைமை என்று தெரியாமல் ஒரு பிள்ளையின் அமைதிக்குப் புள்ளி குறைக்கக் கூடாது. நம் பக்கத்தில் இதை மிகவும் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளை எழுதித் தந்ததை இன்னொருவர் வாசித்தாலும் பங்களிப்புத்தான்.

வவுனியாவிலிருந்து:
சேர் சொன்னதோடு, விடயத்தையும் பிரித்துக் கொடுங்கள். 1971இல் ரெக்சாஸின் ஒஸ்ரின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் புதிதாக ஒன்றாகப் படிக்கத் தொடங்கியபோது எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் செய்தது இதைத்தான். ஆளுக்குப் பாடத்தின் ஒரு துண்டு. மற்றவரைக் கேட்காமல் முழுதும் விளங்காது. உங்கள் தலைப்புக்கு ஒருவரிடம் சிறுபோகத்துக்கு நீர் காணாத விவசாயியின் பக்கம், ஒருவரிடம் யாழ்ப்பாணக் கிணற்று நீரை மாசாக்கும் நைத்திரேற்று, ஒருவரிடம் கிளிநொச்சியின் 2018 டிசம்பர் வெள்ளம், ஒருவரிடம் கடல்நீரைக் குடிநீராக்கும் தாளையடித் திட்டம். பேசாத பிள்ளையையும் மற்றவர்கள் தேடிப்போய்க் கேட்பார்கள்.

முத்தையன்கட்டு ரீச்சர்:
நன்றி சேர், நன்றி. வியாழன் இரட்டைப் பாடவேளை, அதில் செய்கிறேன். கோடு கீறுவதை ஒரு பிள்ளையிடம் கொடுக்கலாமா?

கிளிநொச்சி சேர்:
முதல் தடவை நீங்களே கீறுங்கள். இடையில் புகுந்து பதில் சொல்லாமல் இருக்க அது உதவும். இரண்டாம் தடவை வெளிவட்டத்தில் ஒருவருக்குக் கொடுங்கள்.