கிரிக்கெட் கணக்கு என்றால் கை தூக்குகிறார்கள், புத்தகம் திறந்தால் கொட்டாவி

ஏழாம் வகுப்பு, 34 பேர், தசம எண்கள். மூன்று வாரமாக ரன் ரேட் வைத்து நடத்துகிறேன். கடைசி பெஞ்ச் வரை கை தூக்குகிறது. புத்தகப் பயிற்சிக்குப் போன பத்தாவது நிமிடம் பேனா கீழே.

போதாததற்கு, 4.3 ஓவரில் 36 ரன் என்றால் 36-ஐ 4.3-ஆல் வகுத்து 8.37 என்கிறார்கள். 4.3 ஓவர் என்பது 27 பந்து, தசமத்தில் 4.5, ரேட் 8.

பந்துகளாக மாற்றச் சொன்னேன்: பிழை குறைந்தது, ஆர்வம் நகரவில்லை. மளிகை ரசீது கொடுத்தேன்: கிரிக்கெட் பிடிக்காத பத்துப் பேர் மட்டும் ஈடுபட்டார்கள். ஸ்டார் ஒட்டினேன் (இது என் தப்புதான்): நிறுத்தியதும் வீட்டுப்பாடமும் நின்றது. ஆர்வம் வளர்வதற்கு ஹிடி, ரென்னிங்கர் என்ற ஆய்வாளர்கள் 2006-ல் சொன்ன நான்கு கட்டங்களில் முதலாவதான தூண்டப்பட்ட ஆர்வத்திலேயே (வெளியிலிருந்து ஏதோ ஒன்று கிளப்பும் தற்காலிக ஆர்வம்) வகுப்பு நிற்கிறது.

கிரிக்கெட்டை எடுத்த பிறகும் கணக்கின் மேலேயே ஆர்வம் தங்க, அடுத்த பீரியடில் என்ன வேலை கொடுக்கலாம்?