ஏற்காட்டில் ஒரே டிரம் செட்டில் நான்கு குழுக்கள்

போன குளிர்காலத்தில் ஏற்காட்டில் நான்கு சுயாதீன இசைக்குழுக்கள் சேர்ந்து ஒரு சின்ன நிகழ்ச்சி செய்தோம். காபிக் களத்தை ஒட்டிய ஒரு கொட்டகை, இரண்டு ஸ்பீக்கர், எல்லா ஒலியையும் கலந்து சீராக்க ஒரு சின்ன மிக்ஸர், அவ்வளவுதான் மேடை. நான் சேலம் குழுவில் பேஸ் கிட்டார். கூட்டம் எவ்வளவு, பணம் எவ்வளவு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். டிக்கெட் காசு வேன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது, சரி, அதை விடுங்கள். நான்கு குழுக்களும் ஒருத்தருக்கொருத்தர் நேரத்தைக் காப்பாற்றிக் கொடுத்த விதத்தைத்தான் நான் சொல்ல வேண்டும்.

சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு குழுவும் ஒரு டிரம் செட் ஏற்றிக்கொண்டு வந்தால் கட்டுப்படியாகாது. அதனால் எங்கள் செட் பொது. ஆனால் ஸ்னேர் (முன்னால் இருக்கும் சின்ன டிரம்), சிம்பல் (உலோகத் தட்டு), கிக் பெடல் (பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் மிதி) மூன்றையும் ஒவ்வொரு டிரம்மரும் தன்னுடையதைக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிட்டோம், அடிபட்டு உடைவதும் கைக்கும் காலுக்கும் பழக வேண்டியதும் அவைதான். கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இரண்டையும் அப்படியே பகிர்ந்தோம், பேஸ் கிட்டார் ஆம்ப் இல்லாமல் நேராக டிஐ பாக்ஸ் (கிட்டாரை மிக்ஸரில் இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்கு. இந்த ஏற்பாட்டால் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏற ஆகும் நேரம் பாதியாகக் குறைந்தது. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படி. முன்னால் வாசிப்பவர்கள் இழுத்தடித்தால் கடைசியில் வருபவர்களின் பாட்டுதான் வெட்டுப்படும், இதை நான் வேறு இடங்களில் பார்த்து நொந்திருக்கிறேன்.

கடைசியில் வாசிக்க வேண்டியவர்கள் பறைக் குழு. மாலையிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. கீழே சேலத்து வெயிலில் சுருதி சேர்த்த கிட்டார் கம்பிகள் குளிரில் இறுகிச் சுருதி ஏறிப்போயின, அதே ஈரக் காற்றில் பறையின் தோல் தளர்ந்து சத்தம் மந்தமானது. ஃபைபர் பறை என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அவர்கள் தோல் பறைதான் வைத்திருந்தார்கள், அந்த நாதத்துக்காக. "அண்ணா, நீங்க ஏறும்போதே சொல்லிடுங்க, நாங்க காய்ச்ச ஆரம்பிச்சிடறோம், முன்னாடியே காய்ச்சினா மறுபடி இறங்கிடும்" என்றார் அவர்களில் மூத்தவர். கொட்டகைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். எங்களுக்கு முன்னால் வாசித்த குழுவின் கிட்டார்காரர் தன் சாமான்களைக்கூட எடுத்து வைக்காமல் போய் அவர்களுக்கு வைக்கோல் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

இன்னொரு சிக்கல் மைக். பறைக்காரர்கள் ஆடிக்கொண்டே அடிப்பவர்கள், ஆளுக்கொரு மைக் வைத்துப் பயனில்லை. சவுண்ட் அண்ணன் டிரம் செட்டுக்கு மேலே இருந்த இரண்டு மைக்குகளையும் முன்னால் நகர்த்தி, உயரத்தில் நிறுத்தினார். அப்புறம் கேட்க வேண்டுமே! குட்டையான, தடித்த அடிக்குச்சியின் கனமும் நீளமான, மெல்லிய சுண்டுக்குச்சியின் கூர்மையும் தனித்தனியாக விழுந்தன. நாங்கள் எங்கள் கடைசிப் பாட்டை விட்டுக்கொடுத்திருந்தோம், அதனால் அவர்களுக்கு முழு நேரமும் கிடைத்தது. 10 மணிக்கு முன்பே முடித்துவிட்டார்கள், ஒரு அடி கூட வெட்டுப்படவில்லை.

சேலம், நாமக்கல் பக்கம் யாராவது இப்படிச் சேர்ந்து நிகழ்ச்சி வைத்தால் சொல்லுங்கள். எங்கள் டிரம் செட்டை எடுத்துக்கொண்டு வருகிறோம்.