புதுப்பிப்பு: திருவொற்றியூர் தேரடியிலிருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு மெட்ரோவா, டாக்ஸியா?

பினாங்கு போகும் பெரியம்மாவை எப்படி ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவது என்று கேட்டிருந்தேன் இல்லையா, கடைசியில் மெட்ரோதான், தேரடியில் ஏறி எங்கும் வண்டி மாறாமல் நேரே ஏர்போர்ட் ஸ்டேஷனில் இறங்கினோம். விமானம் நள்ளிரவுக்கு மேல், மெட்ரோவோ ராத்திரி 11 மணியோடு சரி, அதனால் சீக்கிரமே கிளம்ப வேண்டியதாயிற்று. வெளிநாட்டு விமானங்களுக்கு டி2, அதாவது 2023 ஏப்ரலில் திறந்த புது முனையம். டி1, டி4 உள்நாட்டுக்கு. கருவாட்டு வாசம் வெளியே வராமல் பெரியம்மா கவர்மேல் கவர் சுற்றி டேப் ஒட்டியதற்கே பாதி சாயங்காலம் போய்விட்டது, அது வேறு கதை. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் விடும்வரை அவர் கோலாலம்பூரில் மாறித்தான் போய்வந்தார்.

அப்புறம், யாழ்ப்பாணத்துக்கு எந்த விமானம் இருக்கிறது என்று கேட்டவருக்கு: அலையன்ஸ் ஏர் மட்டும் இல்லை, 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது, இரண்டிலும் விலை பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.